போர்டில் எழுதப்போகும் பேர்

கணபதியிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னதைக் கேட்டு நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எம் பேரைப் போர்டுல பெருசாவே எழுதட்டும் கண்ணு."

"ஏனுங்க்கா, காலனிச் சங்கத்துல குடுத்த ரெண்டு பக்கெட்டுல குப்பையைப் பிரிச்சுப் போட்டா முடிஞ்சுதுங்களே? நீங்க ஒருத்தர்தான் போட மாட்டேங்கறீங்கன்னு சங்கத்துப் போர்டுல எழுதப் போறாங்களாம்."

"போடறதுக்கு எங்கூட்டுல குப்பை வேணுமில்ல? காய்த்தோலு எருமைக்கு. பேப்பரு பழைய பேப்பர்காரனுக்கு. எண்ணெய் டின்னுல செம்பருத்தி வெச்சிருக்கறேன்."

"அப்ப அந்தப் பக்கெட்டு?"

"பச்சையில பருத்திக்கொட்டை ஊறுது. செவப்புல புண்ணாக்கு."

இளையவர் சிரித்துவிட்டார். "இதையே சங்கத்துல சொல்லீருங்க்கா. நாளைக்குக் காலைல உங்க பேரை எழுதிப்போட்டா காலனியே பார்க்குமுங்க."

"நான் எதுக்குச் சொல்லோணும்? தலைவரு ஊட்டுப் பக்கெட்டுல தெனமும் முழுசு முழுசா இட்லி கெடக்குது. எம் பேரு போர்டுல வரட்டும், எருமையைப் புடிச்சுட்டுப் போயி அவரு வாசல்லயே அந்தப் பக்கெட்டைத் தின்ன உட்டுப்போடறேன்."

காந்திபுரம் வந்தது. இறங்கும்போது இளையவர் கேட்டார்:

"எத்தன மணிக்குங்க்கா? நானும் வாரேன்."