பிடிச்சு வைச்ச இடம்

றம்யா, அந்த யன்னலைச் சாத்து. ம்ம்… சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

பேய் எண்டா நடுச்சாமத்திலதான் வரும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள். இது பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ரெண்டரை. துறைமுகத்துக்குப் பின்னால போற றோட்டு… உங்களுக்கே தெரியும், அந்த நேரம் பலேர்மோவில காக்கா குருவி இராது. ஷட்டர் எல்லாம் பூட்டு. மேல் வீடுகளில கோப்பை கழுவுற சத்தம். பொரிச்ச கத்தரிக்காய் மணம். அதுக்குள்ள ஒரு பொடியன் முதுகுப்பையோட தனிய நடக்கிறான்.

விமலராஜ். இஞ்ச இருக்கிற பிரசாந்தினிக்கு மச்சான் முறை. சுவிஸில வளர்ந்தவன், இத்தாலியன் தண்ணி மாதிரிக் கதைப்பான். ஐரோப்பா முழுக்கச் சுத்தினவன்… கோயில் பாக்கமாட்டான், மியூசியம் பாக்கமாட்டான். எந்த ஊருக்குப் போனாலும் அங்கத்தைச் சின்ன ரீமின்ர உதைபந்து மச் எங்கையெண்டு தேடிப்போய் இருப்பான்.

அவன்ர சொந்த அண்ணன் ஏர்னஸ்ற் இஞ்சைதான். லிபெர்த்தா றோட்டில ஒரு கிழட்டு சிஞ்ஞோரா அம்மாவைப் பாக்கிற வேலை. பெர்மெஸ்ஸோ, அதுதான் விசாக் காட், கிடைக்காமல் நாட்டை விட்டு அசையேலாமல் கிடந்த மனுசன். இவனைச் சின்னனில இடுப்பில வைச்சுக்கொண்டு திரிஞ்சது அவர்தான். பிறகு ரெண்டுபேரும் நேரில காணவேயில்லை. இவனும் வாறன் வாறன் எண்டு ஊரூராச் சுத்திப்போட்டு, கடைசியாத்தான் வந்தான். அண்டைக்கு இரவே இவனுக்குத் திரும்ப நாப்போலிக் கப்பல். அண்ணைக்கு லீவு பின்னேரம் மட்டும். பக்கத்தில பக்கத்தில இருந்து ஒரு மச்… பாவங்கள், அவ்வளவுதான் ரெண்டுபேருக்கும் கிடைச்சது.

கிறவுண்டில சீமெந்துப் படி முழுக்கக் கிழவங்கள். ஒருத்தர் ஒதுங்கி இவனுக்கு இடம் விட்டார். இவனுக்கு மற்றப் பக்கம், ஒராள் இருக்கிற அளவு இடம் சும்மா கிடக்கு. இவன் என்ன செய்தான்? நாங்கள் மன்னார் பஸ்ஸில செய்யிற அதே வேலை. முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டு அண்ணைக்கு இடம் பிடிச்சு, போனில மெசேஜும் விட்டான்.

கிழவற்ற முகம் வெளிறிப்போச்சு.

"எடு தம்பி. அது மச் பாத்துக்கொண்டே செத்தவன்ர இடம். வேற ஆள் வந்தாத்தான் அவன் எழும்புவான்… நாங்கள் ஆரையும் அதில விடுறேல்லை."

இவன் சிரிச்சான். சிரிச்சுப்போட்டு, எதுக்கும் எடுப்பம் எண்டு லேஞ்சியை இழுத்தான்… வரேல்லை. பாரமான ஆள் மேல இருந்தா எப்படி இறுகும், அப்படி. பக்கத்தில… டிக். டிக். ஆரோ பூசணி விதை கொறிக்கிற சத்தம். ஈரக் கம்பளி மணம். கோது ஒண்டு வந்து இவன்ர சப்பாத்தில விழுந்தது.

போன் அடிச்சது. அண்ணை.

"தம்பி, வாசல்ல நிக்கிறன். உன்னைக் கண்டிட்டன்! எப்படி வளந்திட்டாய்… இடம் பிடிச்சிருக்கெண்டனி, பக்கத்தில ஆரோ இருக்கிறாரே?"

"அண்ணை, வராதேங்கோ! திரும்பிப் போங்கோ!"

"பொறு… அவர் எழும்புறார். என்னைக் கை காட்டிக் கூப்பிடுறார். நல்ல மனுசனடா."

இவன் சனத்தை இடிச்சுக்கொண்டு கீழ ஓட, அண்ணை மற்றப் பக்கத்தால ஏறி வந்து… இருந்திட்டார்.

திரும்பி ஓடி வந்து பாத்தா, அண்ணை சிரிச்ச முகத்தோட கிறவுண்டைப் பாத்தபடி. கையைப் பிடிச்சான். ஐஸ்.

நாலு பேர் சேர்ந்தும் தூக்கேலாமல் போச்சு. அம்புலன்ஸ்காரரும் இழுத்துப் பாத்தினம். மச் நிக்கேல்லை. கடைசி விசில் அடிச்ச பிறகுதான்… பஞ்சு மாதிரி எழும்பி வந்தார். இருதயம் எண்டு சொல்லிச்சினம். விமலராஜ் குழறின குழறலுக்கு ஒருத்தரும் திரும்பேல்லை.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால போக வெளிக்கிட்டவன்ர தோளில அந்தக் கிழவர் கை வைச்சார். அன்பாத்தான் கேட்டார்.

"உன்ர அண்ணைக்கு எந்த ரீமைப் பிடிக்கும்? இனி ஒவ்வொரு ஞாயிறும் அவரோடதானே இருந்து பாக்கப்போறம்."

விமலராஜுக்குத் தெரியேல்லை. அவன் ஒருநாளும் கேட்டதில்லை.