போயா நாள் கலியாணம்

கனடாவில், மோர்னிங்சைட் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த தொப்பிக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "என்ர மகளின்ர கலியாணத்தைக் காப்பாத்தினது புத்தர்தான், அண்ணை."

"சைவக் கலியாணத்தில புத்தருக்கு என்ன வேலை?"

"கொழும்பில எல்லே வச்சனாங்கள். அண்டைக்குப் போயா, புத்தசமயக்காரரின்ர புனித நாள். பௌர்ணமியெண்டு நாடு முழுக்கச் சாராயக்கடை பூட்டு. ஹோட்டலிலயும் ஒரு துளி குடுக்கமாட்டினம்."

"ஐயோ, உம்மட மச்சான்மார்?"

"மனுசியின்ர தம்பிமார் ரெண்டு பேரும் குடிச்சிட்டுத் தங்களுக்குள்ள அடிபடாத கலியாணம் இருக்கே? அண்டைக்குச் சோடா குடிச்சுக்கொண்டு, பக்கத்தில பக்கத்தில இருந்து முழங்கால் நோவைப் பற்றிக் கதைச்சாங்கள். கடைசியில கட்டிப்பிடிச்சு அழுதவங்கள்!"

"முதல் நாளே வாங்கி வைக்கேல்லையே?"

"இவ்வளவு காலம் கனடாவில இருந்திட்டு ஆருக்குப் போயா ஞாபகம்?"

"அப்ப நாள் பாத்தது ஆர்?"

"ஐயர் மூண்டு நாள் குடுத்தவர். மனுசிதான் உந்த நாளை..."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நண்பர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொப்பிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "மனுசி இப்ப சின்னவளின்ர கலியாணத்தையும் கொழும்பிலதான் வைக்கவேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறா."