இரண்டு ஈரச் சாக்குகள்

இந்த ஊர் வெயிலில் சுண்ணாம்புச் சாந்து பூசினால் உடனே ஈரச் சாக்கு போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து, உள்ளே பச்சையாக நின்று, வெடித்து உதிர்ந்துவிடும். சிமெண்டில் பழகியவர்களுக்கு இது தெரியாது. எனக்கும் ஓமானில் இந்த சோஹாருக்கு வந்து அந்த இங்கிலீஷ் வீட்டில் வேலை செய்தபோதுதான் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஐயா, வாக்குமூலத்தை நீங்கள் என் பாஷையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். முதலில் விவரம், பிறகு காரணம் என்று அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழக்கினார்கள். அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் முதலாளியை அர்பாப் என்போம். இங்கிலாந்தில் இடிக்க இருந்த பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கிக் கழற்றி, கண்டெய்னரில் ஏற்றி, தன் பேரீச்சந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஓக் மரச் சட்டங்கள்தான் அந்த வீட்டின் எலும்பு. சுவர் என்பது சட்டங்களுக்கு நடுவே பின்னிய குச்சியும் அதன்மேல் பூசிய சாந்தும்தான். இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்காரும். குறுக்கே மரமுளை அடித்திருப்பார்கள். சேர வேண்டிய இரண்டு மரத்திலும் ஒரே மாதிரிக் கோடு கீறியிருக்கும். கோட்டைப் பார்த்துச் சேர்த்தோம். வீடு நின்றது.

நான் அங்கே போர்மேன். வரைபடத்தைப் படித்து எங்களுக்கு வேலை சொன்னவர் அரியரத்தினம் அண்ணன், சாவகச்சேரிக்காரர். தொழிலாளர் கேம்பில் நாங்கள் ஒரே ரூம். நான் சோறு வடிப்பேன், அவர் சம்பல் இடிப்பார்.

மாடிக் கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு விட்டம் போனது. நெற்றி உயரம். மேஸ்திரி சாதிக் பாட்ஷா தினமும் அதில் முட்டிக்கொள்வார். "வெள்ளக்காரன்னா ஒசரமா இருப்பான்னுல்ல நெனச்சேன். இது குள்ளனுவ வீடுடா" என்று தலையைத் தேய்ப்பார்.

அண்ணன் சிரித்தபடி விளக்குவார். "கூரை ரெண்டு சுவரையும் வெளியால தள்ளிக்கொண்டே நிக்கும், பாட்ஷா. இந்த விட்டம்தான் ரெண்டையும் கையைப் பிடிச்சு வைச்சிருக்கு. முட்டினாலும் கும்பிட்டுப்போட்டுப் போம்."

அண்ணன் பாஸ்போர்ட் புதுப்பிக்க மஸ்கட் போயிருந்தபோது அர்பாப் வந்தார். வெள்ளைக்கார இன்ஜினியரும் லீவில் இருந்தார். தன் வீட்டில் விருந்தாளி தலைகுனிந்து நடக்கக் கூடாது என்று அர்பாப் சொன்னார். விட்டத்தைக் காட்டி, "யே கலாஸ்" என்றார், இதை எடுத்துவிடு என்று. ப்ராப்ளம் இருக்கா என்று ஒருமுறை கேட்டார். நோ ப்ராப்ளம் என்றேன். இங்கே அப்படித்தான் பதில் சொல்லிப் பழக்கம். வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடுப்பகுதியை நானே அறுத்தேன். ரம்பம் வெளியே வந்ததும் வெட்டுவாய் மெல்ல அகன்றது. பார்த்தேன். வெட்டிய முனைகளில் பலகை அடித்து மூடினேன்.

அண்ணன் திரும்பி வந்து மாடியேறியதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "அருள்ராஜ், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்" என்றார். திட்டவில்லை. பளு தூக்கும் சங்கிலியைக் கொண்டுவந்து இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டி இறுக்கினார். வேலை முடிந்து என் தோளில் கை வைத்தார். "திறப்புவிழாவுக்கு முன்னம் விட்டத்தைத் திருப்பிப் போடவேணும். நான் அர்பாபோட கதைக்கிறன். உன்ர பேரைச் சொல்ல மாட்டன், பயப்பிடாத."

நல்ல மனிதர். ஆனால் பேரை அவர் சொல்லத் தேவையே இல்லை. கூடத்துக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் சங்கிலியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "என்ன போர்மேன், வூட்டுக்குத் தூளி கட்டிருக்கிய" என்றார் சாதிக் பாட்ஷா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சங்கிலி தொங்கும்வரை தப்பு என்னுடையது. சங்கிலியை எடுத்தால் கூரை இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். என் நிலைமையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாளும் விட்டம் திரும்ப வரவில்லை. அன்று அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, கூரைப் பலகைக்கு மேல இரும்புக் கம்பி கொடுத்து, ரெண்டு சுவருலயும் போல்ட் போட்டு முறுக்கிட்டேன். இனி சங்கிலி வேண்டாம்."

அவர் வெளியே போய்ப் பார்த்தார். இரண்டு பக்கச் சுவரிலும், போல்ட் வர வேண்டிய இடத்தில், புதுச் சாந்தின்மேல் ஈரச் சாக்கு தொங்கியது. தொட்டுப் பார்த்தாராம். உள்ளே வந்து, "வடிவா இறுக்கினியே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"நீ கெட்டிக்காரன். நான்தான் வீணாப் பதறிப்போனன்" என்று சாரத்தில் ஏறினார்.

மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவைத்தேன். நீங்கள் எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

நான் வாசற்படியில் நின்றேன். "மெதுவா இளக்குங்கண்ணே" என்றேன். சங்கிலி தளர்ந்தது. மரமுளைகள் ஒவ்வொன்றாக முனகின. அவர் கூரைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அருள், கம்பி..." என்றார். அதற்குள் கூரை ஓடும் மரமும் அவர்மேல் வந்துவிட்டன.

பலகைக்கு மேலே கம்பி இல்லை. நான் போடவே இல்லை.

சங்கிலியை அவரே கழற்றினால் பழி அவருடையதாகிவிடும் என்று அப்போது தோன்றியதா எனக் கேட்டீர்கள். தோன்றியது. ஆனால் எதுவும் என் கையில் இல்லை, ஐயா. விட்டத்தை அறுக்கச் சொன்னவர் அர்பாப். சங்கிலி போயே ஆக வேண்டும் என்று வைத்தது விழா. சாரத்தில் ஏறியவர் அண்ணன். நான் வெறும் போர்மேன்.

கம்பியே இல்லாத சுவரில் சாந்து பூசச் சொன்னது யார் என்று கேட்டீர்கள். அதை யாரும் சொல்லவில்லை. நானே பூசினேன். வெடித்துவிடக் கூடாதே என்று, அவர் பார்க்க வரும்வரை மணிக்கொரு தரம் போய்ச் சாக்கை நனைத்துக்கொண்டும் இருந்தேன்.