இலவச மாதம் முடிந்த வீடு

அன்று காலை அஸ்தினாபுரம் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: தோத்தாத்ரி சார், நான், டி.வி. ஸ்டாண்டில் சார்ஜரோடு நிற்க வைத்திருந்த அவருடைய போன். போனையும் ஓர் ஆளாகச் சேர்ப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், கோகிலவாணி மேடம். ஆனால் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் முதலில் உண்மையைச் சொன்னது அதுதான். நான் அதற்குப் பிறகுதான் சொல்கிறேன்.

தோத்தாத்ரி சார் காபி நன்றாகப் போடுவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காசு கட்டி வாங்க வேண்டிய மொபைல் ஆப்பை ஒரு மாதம் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிடுவது என் வேலை. பல வருடம் பெருங்குடியில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது அங்கே இருப்பவர்களிடம் திட்டு வாங்கும் வேலை. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன், திரும்பிப் போகவில்லை. இராத்தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. இன்றும் நான் படுத்து எழுந்தால்தான் எனக்கு மறுநாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆப்பின் பெயர் கூப்பிடுதூரம். பிள்ளைகள் வெளியூரில், பெற்றவர்கள் இங்கே தனியாக, அப்படிப்பட்ட வீடுகளுக்கானது. பெரியவர் தன் குரலில் ஒரு சொல்லைப் பதிவு செய்துவிடுவார். வீட்டில் எங்கிருந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஹாலில் இருக்கும் போன் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். வீட்டின் மாற்றுச் சாவி என்னிடம் இருக்கும். நான் பைக்கில் போய்த் திறந்து பார்ப்பேன். இரும்புலியூரிலிருந்து பல்லாவரம் வரை என் ஏரியா. மாதம் முடிந்து காசு கட்டாவிட்டால் மணி நின்றுவிடும். சாவியை அந்த வீட்டு லெட்டர் பாக்ஸில் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. இது கம்பெனி விதி. நல்ல விதி.

இலவசமாகக் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இந்த ஆப் ஒழுங்காக வேலை செய்யும் மாதத்தில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத மாதத்துக்குப் பிறகு யாரும் காசு கட்ட மாட்டார்கள். எங்கள் டீம் லீடர் அரிகிருஷ்ணனுக்கு இதை விளக்கப் பார்த்தேன்.

"மச்சான், நீ இன்னா அன்னதானமா பண்ணிகினு கீற?" என்றான். "வர்றவன்லாம் ஒரு மாசம் துன்ட்டு கைய கழுவிகினு போறான். இந்த மாசமும் எவனும் கட்டலனா ஏரியாவ ஜோனத்தானுக்கு குடுத்துருவேன். அப்பால பேஜார் பண்ணாத."

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஏரியா போனால் நான் திரும்ப ஹெட்போன் மாட்டப் போக வேண்டும். அது என்னால் முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

பல்லாவரத்தில் சரசு அக்கா வீட்டில்தான் வழி கிடைத்தது. அந்தக் காலத்து வீடுகளில் பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சாக்கடை வழியாக எலி ஏறி வீட்டுக்குள் வராமல் இருக்கப் போட்டு வைப்பார்கள். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு வெளியே வந்து தெருமுனையில் நின்றேன். அக்கா கூப்பிட்டார். மணியடித்தது. துபாயில் இருக்கும் மகன் பதறிப் போய் எனக்குப் போன் செய்தான். போய்த் திறந்துவிட்டேன்.

"எந்தக் காத்துக்குடா தாப்பா வுழுந்துச்சு, கண்ணு? நீ இல்லன்னா இந்நேரம் நான் உள்ளயே பொணம்," என்று சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மகன் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டான். அக்காவுக்கு ஓர் அடியும் இல்லை, காயமும் இல்லை. பயந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயம் முன்பே அவருக்குள் இருந்தது. நான் அதை ஒரு தடவை வெளியே எடுத்துக் காட்டினேன். தடுப்பூசி போடும் நர்ஸை யாரும் கைது செய்வதில்லை.

தோத்தாத்ரி சாரிடம் வருகிறேன். ரிட்டையர்ட் கணக்கு வாத்தியார், மனைவி இல்லை. ஒரே பெண் மாளவிகா ஹைதராபாத்தில் இருக்கிறார். அவர்தான் நெட்டில் பார்த்து என்னைக் கூப்பிட்டார். சாருக்கு ஆப் பிடிக்கவில்லை, என்னைப் பிடித்திருந்தது.

"ஏண்டாப்பா டேனியல், ஆபத்துன்னா நான் பெருமாளைக் கூப்பிடுவேனா, உன் கம்பெனியைக் கூப்பிடுவேனா?" என்றார்.

"பெருமாளையே கூப்பிடுங்க சார், நான் வந்துடறேன்," என்றேன்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பெருமாளே என்பதையே கூப்பிடும் சொல்லாகப் பதிவு செய்தார். அதுதான் முதல் பிசகு. நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், எனக்குத் தோன்றவில்லை; அவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். உட்கார்ந்தால் பெருமாளே. எழுந்தால் பெருமாளே. கொட்டாவி விட்டால், கரண்ட் போனால், கரண்ட் வந்தால் பெருமாளே. ஒவ்வொன்றுக்கும் ஹைதராபாத்தில் மணியடித்தது. மாளவிகா மீட்டிங்கை விட்டு ஓடி ஓடிப் போன் செய்து பார்த்தார்.

"அண்ணா, ப்ளீஸ், அந்த வேர்டை மாத்துங்க. எங்க மேனேஜர் என்னைப் பைத்தியம்னு நினைக்கறார்," என்றார்.

மாற்றினோம். சார் யோசித்து, 'மாளு' என்று வைத்தார். மகளைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். மனைவி போன பிறகு வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே வருவதில்லை, அதனால் தப்பாக மணியடிக்காது என்றார். சரியான கணக்குதான். அதற்குப் பிறகு ஒரு மணிகூட அடிக்கவில்லை.

மாதக் கடைசியில் மாளவிகாவைக் கூப்பிட்டுக் கட்டுகிறீர்களா என்று கேட்டேன்.

"முதல்ல வெறும் தொந்தரவு. அப்புறம் ஒண்ணுமே நடக்கலை. எதுக்குண்ணா கட்டணும்? ட்ரையல் முடிஞ்சா விட்டுடலாம்," என்றார்.

நியாயமான கேள்வி. ஒண்ணுமே நடக்கலை என்று அவரே சொல்லிவிட்டார். ஒன்று நடக்க வேண்டியிருந்தது.

ட்ரையல் முடிந்த அன்று மதியம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் என் மேல் தவறில்லை. அப்பா காலையிலிருந்து போன் எடுக்கவில்லை என்று மாளவிகா அழுதுகொண்டே கூப்பிட்டார். ட்ரையல் முடிந்துவிட்டது மேடம், சாவியை லெட்டர் பாக்ஸில் போட்டுவிட்டேன், இப்போது எனக்கு உள்ளே போக அதிகாரமில்லை என்றேன். என்ன வேண்டுமானாலும் கட்டுகிறேன் என்றார். லிங்க் அனுப்பினேன். ஒரு வருடத்துக்குக் கட்டினார். பணம் வந்த மெசேஜைப் பார்த்ததும் கிளம்பினேன், வழியில் எங்கும் நிற்கவில்லை. லெட்டர் பாக்ஸிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன். சார் பாத்ரூமில் கிடந்தார், உயிர் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி வென்டிலேட்டரை எட்டப் பார்த்திருக்கிறார். பக்கெட் வழுக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் காலி மனை, முள்செடி. யார் காதிலும் விழுந்திருக்காது.

பாத்ரூம் கதவு சும்மா சாத்தியிருந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் குளிக்கும்போது விழுந்தவர் என்று எழுதினீர்கள். அந்தப் போன் இல்லாவிட்டால் அப்படியே இருந்திருக்கும். மாதம் முடிந்தால் ஆப் கேட்பதை நிறுத்திவிடும் என்றுதான் நான் எல்லா வீட்டிலும் சொல்லி வந்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன். அது கேட்பதை நிறுத்துவதில்லையாம். கேட்டதைச் சொல்வதைத்தான் நிறுத்துகிறது. எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. நேற்று நீங்கள் அதைப் போட்டுக் காட்டியபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கெட் சத்தம் வரும் இடத்தில் கண்ணை மூடினேன். அது எனக்குப் புதிது. அதற்கு முந்தையவை எனக்குத் தெரிந்தவை.

அந்தக் காலைதான் நீங்கள் கேட்டது.

அன்று ட்ரையலின் கடைசி நாள் என்று கிளம்பினேன். முந்தின சாயங்காலம் எழுந்தவன் அதுவரை படுக்கவில்லை. என் கணக்கில் அது இன்னும் நேற்று. விடியும் நேரம், சானடோரியம் பக்கம் பால் வண்டிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தேன். சார் எழுந்தவுடன் குளித்துவிடுவார், குளித்துவிட்டுத்தான் காபி. சாவி போட்டுத் திறந்தேன். பாத்ரூமில் தண்ணீர் சத்தமும் பாசுரமும் கேட்டன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வெளித்தாழ்ப்பாளைத் தள்ளினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, கிறீச்சென்றது. பாசுரம் நின்றது.

"யாரு?" என்றார். கதவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்தார். பிறகு பதற்றமில்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோல, "மாளு" என்றார்.

நான் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணியடிக்கவில்லை.

"மாளு. மாளு." இந்த முறை சத்தமாக. எனக்கு இரண்டடி தூரத்தில் அவருடைய போன் விளக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் என் போனில் தேதியைப் பார்த்தேன். ட்ரையல் நள்ளிரவோடு முடிந்திருந்தது. நேற்றை நான்தான் இழுத்துக்கொண்டே வந்திருந்தேன், ஆப் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். திறந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. திறந்தால் ஈரத் துண்டோடு எதிரில் நிற்பார். நீ எப்படி உள்ளே வந்தாய் என்பார். அதற்குக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மாளவிகாவுக்கு மணியடித்திருக்காது. அவர் பதறியிருக்க மாட்டார். ஒன்றும் நடந்திருக்காது. சும்மா கிடைத்த உதவிக்கு மறுநாள் யாரும் காசு கொடுப்பதில்லை, இதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அவர் போன் எடுக்காவிட்டால் மகளே மதியத்துக்குள் என்னைக் கூப்பிடுவார். அரை நாள். உள்ளே தண்ணீர் இருக்கிறது. பெரிய கஷ்டமில்லை.

"டேனியல்?" என்றார் சார் உள்ளேயிருந்து. நான் மூச்சுவிட்டது கேட்டதோ, செருப்பு கதவில் உரசியதோ. "டேனியல், வெளில நீதானேப்பா? வந்துட்டியா? தாப்பா மாட்டிண்டுடுத்து போலிருக்கு. திறடாப்பா, காபி போட்டுத் தரேன்."

அவர் குரலில் பயம் போயிருந்தது. நான் வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். ஆப் வேலை செய்ததாகவே நினைத்திருப்பார். அந்த ஒரு நிமிடமாவது நிம்மதியாக இருந்திருக்கிறார். அது நான் கொடுத்தது. எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

ஆனால் ட்ரையல் முடிந்த வீட்டுக்குள் நான் இருக்கக் கூடாது. விதியை நான் எந்த வீட்டிலும் மீறியதில்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். அவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை லெட்டர் பாக்ஸில் போட்டேன்.