கரண்ட் போன மாலையும் டபுள் பாஸும்

காலமான என் மனைவியின் பெயரிலிருந்த பயணச்சீட்டை ரத்துசெய்யத் தம்பானூர் ரயில் நிலைய வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒரு ஹோட்டலின் ஜாஸ் குழுவில் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவர் என்பது, உடன் வந்த தங்கையோடு அவர் பேசியதிலிருந்து தெரிந்தது.

"கரண்ட் போனதாலதான்டீ என் வேலை பொழைச்சுது."

"கீபோர்டுக்காரன் இடது கையாலேயே உன் பங்கையும் வாசிச்சுடுவான், நீ வேண்டாம்னு ஹோட்டல்ல சொல்லிட்டாளே அண்ணா?"

"ஆமா. நேத்திக்குச் சாயங்காலம்தான் கடைசி. பாதிப் பாட்டுல கரண்ட் போயிடுத்து. கீபோர்டு, கிட்டார், மைக் எல்லாம் ஊமையாயிடுத்து. என் பாஸுக்குக் கரண்ட் எதுக்கு? நான் நிறுத்தலை."

"சாப்பிட்டுண்டிருந்தவா என்ன பண்ணினா?"

"ஸ்பூன் சத்தமே இல்லை. கரண்ட் வந்தப்புறமும், அவர் மட்டும் வாசிக்கட்டும்னுட்டா. மானேஜர் ஓடிவந்து, 'சாரே, நாளெயும் வரணும்'னார்."

"அப்படிப் புதுசா என்னத்தை வாசிச்சே?"

"புதுசா ஒண்ணுமில்லை. முப்பது வருஷமா வாசிச்சதேதான்."

"அப்போ சென்னைல பையன் ஆத்துக்குப் போய் இருக்கப் போறேன்னியே?"

"அதைத்தானே கேன்சல் பண்ண வந்திருக்கேன்."

அவர் முறை வந்தது. சீட்டை வாங்கிய ஊழியர், "கேன்சல் தன்னேயல்லே?" என்று மலையாளத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"கேன்சல்" என்று அவர் சொன்ன குரலுக்கு வரிசை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. தங்கை சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினாள். இருவரும் வாசலை நோக்கி வேகமாக நடந்தார்கள்.

அடுத்து நான், அதே சொல்லைச் சொன்னேன்.