இரண்டு செகண்ட் குரல்

– பாத்து வா பாப்பா, கீழ ஒயர் கெடக்கு. தடுக்கி விழுந்து வைக்காத.

– இதுதான் உன் ரூமா? நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன். எங்க மருந்துக் கடை ஸ்டோர் ரூமே இதுக்குப் பரவால்ல.

– மேடைக்குப் பின்னாடி எல்லா இடத்துலயும் இப்படித்தான். ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, மூடி இல்லாத குப்பைத் தொட்டி. உக்காரு.

– மாஸ்டர், ஸ்பீக்கர் எல்லாம் கட்டியாச்சு. ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?

– பத்து நிமிஷம் குடுங்க. தங்கச்சி வந்திருக்கா.

– ஓ, சரிங்க மாஸ்டர். நீங்க பேசிட்டு மெதுவா வாங்க.

– மாஸ்டராம். அப்பா உனக்கு வச்ச பேரு இவங்களுக்குத் தெரியுமா?

– 'சத்தம்'னுதானே. வெளிய சொல்லித் தொலைக்காத.

– தட்டு, டம்ளர், ஜன்னல் கம்பி, ஒண்ணையும் தட்டித் தாளம் போடாம விட்டதில்ல நீ. 'எங்க அந்தச் சத்தம்? சாப்பிட வரச் சொல்லு'ம்பாரு. அது என்ன சட்டை, உனக்கு ரெண்டு சுத்து பெருசா இருக்கு?

– இது இல்லாம நான் மேடை ஏறமாட்டேன். தொளதொளன்னு வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், வெறுங்கால். பன்னெண்டு வருஷமா இதேதான்.

– சட்டை சரி. வெறுங்கால் எதுக்கு?

– பலகையோட அதிர்வு கால் வழியா ஏறும், பாப்பா. தாளம் கொஞ்சம் நழுவுச்சுன்னா காதுக்கு எட்டறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சிடும்.

– அப்பாவும் அப்படித்தான். ரிப்பேருக்குப் போனா, லிஃப்ட் மோட்டார் மேல உள்ளங்கையை வச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிடுவாரு.

– ம். சரி, நீ வந்த விஷயத்தைச் சொல்லு. இத்தனை வருஷமா என் நிகழ்ச்சி பக்கமே எட்டிப் பாக்காதவ, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற.

– உன் மருமக நேத்து சமையக்கட்டுல ஒரு பாட்டு போட்டா. 'மாமா பாட்டும்மா. ஊரே ஆடுது, நீ மட்டும்தான் கேட்டதில்ல'ன்னா. சரி போடுடின்னேன். நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். டம் டம்முன்னு போய்ட்டே இருந்துச்சு, திடீர்னு எல்லாம் நின்னு போச்சு. போன்ல சார்ஜ் போச்சு போலன்னு நெனச்சேன்.

– எட்டு எண்ணற வரைக்கும் நிறுத்துவேன். என் பாட்டு எல்லாத்துலயும் அப்படி ஒரு இடம் வரும். ஆயிரம் பேர் ஆடிட்டிருப்பாங்க, அப்படியே நிப்பாங்க. மூச்சு விடுறது கேக்கும்.

– அப்புறம் ஒரு 'வா'.

– ம்.

– இழுத்து, உடைஞ்சு, ஒரே ஒரு 'வா'. கையில இருந்த டம்ளர் நழுவிடுச்சுண்ணா. அதை எங்கேர்ந்து எடுத்த?

– கேப்பேன்னு தெரியும். எப்பன்னுதான் தெரியாம இருந்துச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன் குரலை எடுத்துட்டு உனக்கே சொல்லாம…

– என் குரலையா?

– வேற யாரோடது? அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வாய்ஸ் மெசேஜ் அனுப்பினியே. அதுலேர்ந்துதான்.

– ஓஹோ. சரி, சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. நான் நடுவுல பேசல.

– அன்னிக்கு இதே மாதிரி ஒரு ரூம்ல உக்காந்திருந்தேன். மூணு மாசமா ஒரு பாட்டு முடியாம கெடந்துச்சு. தாளம் இருக்கு, அடியில ஓடற நாதம் இருக்கு, நடுவுல அந்த எட்டு எண்ணிக்கை காலியா இருக்கு. அது முடியற இடத்துல என்ன வச்சாலும் செத்துப் போவுது. மணி அடிச்சுப் பாத்தேன், ரயில் சத்தம் வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல. அப்பதான் உன் மெசேஜ் வந்துச்சு.

– ம்.

– 'அண்ணா, ஒரு நிமிஷம்'னு சொல்ற. ஏதோ சரசரன்னு உரசுது. அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் 'வா'. நீ அழுதுட்டே சொல்றேன்னு புரிஞ்சுது. தங்கச்சி அழறான்னு மனசு பதறணும்ல? எனக்குப் பதறல பாப்பா. நிப்பாட்டிட்டு, திருப்பிப் போட்டேன். மறுபடி போட்டேன். கெடைச்சிடுச்சுன்னு தோணுச்சு. இதான், மூணு மாசமா தேடினது இதான்னு.

– கெடைச்சிடுச்சுன்னு.

– அந்த ரெண்டு செகண்டை வெட்டி லேப்டாப்புல போட்டேன். நீட்டினேன். சுருதியை அஞ்சு படி மேல ஏத்தினேன். அன்னிக்கே மேடையில விட்டேன். சனம் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மறுபடி மறுபடின்னு கத்துது. அதுவரைக்கும் நான் கல்யாண வரவேற்புக்குப் பாட்டு மிஷின் ஓட்டற ஆளு. இன்னிக்கு எனக்கு இருக்கற பேரு, வீடு, வெளிநாட்டுப் பயணம் எல்லாமே அந்த ஒரு 'வா'லேர்ந்து வந்ததுதான்.

– மறுநாள் காலையில உன் மச்சான் உனக்கு போன் பண்ணினாரு.

– அப்பா போய்ட்டாருன்னு.

– நீ வந்தே. கடைசியா வந்தவன் நீ. ஓரமா நின்னுட்டு, எல்லாரும் கெளம்பறதுக்கு முன்னாடி கெளம்பிட்ட.

– நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்லயே.

– எப்படிப் பாப்பேன்? மெசேஜைக் கேட்டுட்டும் வராத ஆளுகிட்ட என்னத்தப் பேசறதுன்னு இருந்துச்சு.

– வந்திருக்கலாம். ஆறு மணி நேரப் பயணம்தான், அன்னிக்கே கெளம்பியிருந்தா பாத்திருக்கலாம். வீம்பு. அவரு என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியும்ல? 'ஒழுங்கான வேலையை விட்டுட்டு இந்த டக்கு டக்குக்குப் போறதா இருந்தா, இந்த வாசப்படி மிதிக்காத'ன்னாரு. ஆறு வருஷம் மிதிக்கல. நீ 'வா'ன்னு கூப்பிட்டப்பகூட, இவளாத்தான் கூப்பிடுறா, அவரு சொல்லியிருக்கமாட்டாருன்னு நெனச்சேன். நான் போய் நின்னு, அவரு முகத்தைத் திருப்பிட்டா? படுத்த படுக்கையா இருக்கறவரு முகத்தைத் திருப்பறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

– அவரு திருப்பியிருப்பாருன்னு உனக்கு யாரு சொன்னது?

– எனக்கு அவரைத் தெரியாதா? மேடையில ஒரு தடவை லிஃப்ட் மோட்டார் சத்தத்தைத் தாளமா வச்சேன். அவருக்காகத்தான் வச்சேன். பதிவை உனக்கு அனுப்பினேன், அவருக்குப் போட்டுக் காட்டிட்டு நீதானே சொன்னே, 'ரிப்பேரான லிஃப்டுக்குக் கை தட்டற கூட்டத்தை இப்பதான் பாக்கறேன்'னு சொன்னாருன்னு.

– சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சதை நான் சொல்லலையா?

– இல்ல.

– சொல்லியிருக்கணும். எங்க மருந்துக் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அதை வேற சொல்லிட்டுத் திரிஞ்சாரு. 'நம்ம பையன் மோட்டாரைப் பாட வச்சுட்டான்'னு.

– பாப்பா, இப்ப எதுக்கு இதெல்லாம்? ஒரே ஒரு தடவை, அவரே வாயைத் தொறந்து கூப்பிட்டிருந்தா, போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேன். அது நடக்கல. அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

– அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த மெசேஜை முழுசாக் கேட்டியா?

– இல்ல.

– ரெண்டு செகண்ட்தானா?

– மீதியை மேடை முடிஞ்சு கேக்கலாம்னு இருந்தேன். மறுநாள் சேதி வந்துடுச்சு. அதுக்கப்புறம் தொடவே பயமா இருந்துச்சு. 'ஏண்டா வரல'ன்னு நீ அழறதைக் கேக்கணுமேன்னு ஒரு நாள் அழிச்சுட்டேன். நாலு நிமிஷம் இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம்.

– அதுல நான் பேசினது 'அண்ணா, ஒரு நிமிஷம்' மட்டும்தான்.

– அப்புறம் அந்த 'வா'…

– நான் அன்னிக்கு அழவே இல்லண்ணா. சந்தோஷமா இருந்தேன். அஞ்சு நாளா ஒரு பேச்சு இல்லாம கெடந்தவரு, கையைத் தூக்கி என் போனைக் காட்டினாரு. உன்னைத்தான் கேக்கறாருன்னு புரிஞ்சுது. உனக்கு அடிச்சேன், நீ எடுக்கல. சரின்னு மெசேஜைப் போட்டு, போனை அவரு தலையணையில வச்சேன். நீ கேட்ட சரசரப்பு அந்தத் தலையணை உறைதான்.

– அது உன் குரல் பாப்பா. மெல்லிசா இருந்துச்சு. பொம்பளக் குரல்.

– உடம்பு விழுந்ததுக்கப்புறம் அவருக்குக் குரல் அப்படித்தான் ஆயிடுச்சு. அந்த 'வா' அப்பா சொன்னது.

– மீதி நாலு நிமிஷம். அதுல என்ன சொன்னாரு?

– ஒண்ணும் சொல்லல. அது மெசேஜ்னு அவருக்குப் புரியல. அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு நெனச்சுட்டு, நீ பதில் சொல்லுவேன்னு காதை வச்சுக் காத்துட்டு இருந்தாரு.