உயர வரிசையில் உட்கார வைத்த மாரித்தாய் டீச்சருக்கு

மழையென்றும் மஞ்சென்றும் பாராமல், இந்தச் சூரியநெல்லி மலைச்சரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் முதல் வகுப்பின் கதவைத் திறந்தவரே! தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் பிறந்து, லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எங்கள் மதிப்புக்குரிய மாரித்தாய் டீச்சர் அவர்களே! வணக்கம்.

இப்பள்ளியில் எழுத்தராக இருந்த காலத்தில் பாராட்டு மடல்களை நான்தான் எழுதிவந்தேன். நான் ஓய்வுபெற்ற பிறகும், உங்கள் பணிநிறைவு விழாவுக்காக ஒன்று எழுதச் சொன்னார்கள். பழைய அடுக்குமொழிகள் வரவில்லை. என் மகள் இந்து இறந்த பிறகு எனக்கு எழுத்து அப்படித்தான் வருகிறது. நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

கொழுந்து பறித்தவரின் மகளாக இதே பள்ளியில் படித்தபோது நீங்கள் பின்சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தீர்கள். பெஞ்சு, அலுவலர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு. ஆசிரியராக வந்த முதல் திங்கட்கிழமையே எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி, உயரம் பார்த்து உட்கார வைத்தீர்கள். குட்டை முன்னால், நெட்டை பின்னால். யாரும் எதிர்த்துப் பேச வழியில்லை.

சென்ற மாதம் என் பேத்தி யோகப்பிரியாவை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப் போவதை உங்களிடம் சொல்லப் பள்ளிக்கு வந்திருந்தேன். அப்போது உங்கள் பழைய மாணவன், ஜீப் ஓட்டும் சதீஷ் வந்தான்.

“டீச்சர், எம் பையனச் சேக்கேன். ஆனா கொழுந்து பறிக்க வந்திருக்கிற அந்த ஜார்க்கண்ட்காரங்க புள்ளைக பக்கத்துல மட்டும் வேணாம். இல்லன்னா இங்கிலீஷ் ஸ்கூல் வேன்ல ஏத்திருவேன்.”

“அதுகளும் லயத்துலதானடா இருக்கு?”

“அதான் டீச்சர். நாங்க அதுலேருந்து மேல வந்துட்டோம்ல.”

நீங்கள் சிரித்தீர்கள். “ஒம் பக்கத்துல தன் மகள உக்கார வைக்க வேணாம்னு ஒருத்தர் இதே மேசைகிட்ட வந்து நின்னாருடா. நீயும் அவரு மாதிரியே கையக் கட்டிட்டு நிக்கியே.”

“யாரு டீச்சர் அது?”

“பேரு எதுக்கு? பையன இங்க சேக்குறியா இல்லையான்னு வீட்ல கேட்டுட்டு வந்து பதில் சொல்லு.”

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. சதீஷும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், கேட்கட்டும். அது நான்தான். லயத்துப் பிள்ளை என்று வாயால் சொன்னேன். சாதியை மனத்தில் வைத்திருந்தேன். “ரெண்டும் ஒரே உயரம் சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இந்து சதீஷ் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். அவள் பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

அன்று சொல்ல வந்ததைச் சொல்லாமல், படிவம் வாங்கிப் பேத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். திருந்திவிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். வெட்கம்தான் எழுத வைத்தது.

பள்ளி திறந்த ஆறாம் நாள் கல்வித் துறையினர் தலை எண்ணுவார்கள். எட்டுப் பேர் இல்லையென்றால் தமிழ் முதல் வகுப்பு இல்லை. இன்றுவரை சேர்ந்தது ஏழு பேர்: ஜார்க்கண்ட் பிள்ளைகள் நால்வர், நம் பிள்ளைகள் மூவர். சதீஷ் இன்னும் பதில் சொல்லவில்லை.

லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளை சேர்த்த அயராத கால்களுக்கு உரியவரே! இனி அந்த ஏற்றம் எங்களுடையது. முழங்கால் வலி நீங்கி, தோட்டத்துக் காலைச் சங்கு ஊதினாலும் எழ வேண்டாத நிம்மதியோடு, நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். ஆறாம் நாள் மாலை உங்கள் வீட்டுக்கு வந்து எண்ணிக்கையைச் சொல்வோம். ஏழாகவே இருந்தாலும் வந்து சொல்வோம்.

இங்ஙனம்,
பள்ளியின் ஆசிரியர்கள், ஊழியர்கள் சார்பில்
பாண்டித்துரை, முன்னாள் எழுத்தர்